மேஜருக்கு வைத்த வெள்ளைச் சோறு

அத்தியாயம் பதினொன்று

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள்: தங்கச் சுரங்கத்து மில் வாசல் காவல்காரர் ராஜப்பா; அவர் மனைவி பார்வதம்மா; ராத்திரி ஷிப்ட் முடிந்து அப்போதுதான் சுரங்கத்திலிருந்து மேலே வந்திருந்த மகன் தசரதன்; மருமகள் குணசுந்தரி; அடுப்படி மூலையில் கோணிச்சாக்கின் மேல் கிடந்த நாய்க்குட்டி மேஜர். பக்கத்து வீட்டுத் தாயம்மா வாசற்படியில் நின்றாள். படியைத் தாண்டவில்லை என்பதால் அவளை இருந்தவர்களில் சேர்க்கக் கூடாது.

மேஜர் எழுந்திருக்கவில்லை.

பார்வதம்மா சோற்று வட்டிலைத் தரையில் வைத்தாள். சத்தம் கேட்டுக் குட்டி தலையைத் தூக்கியது. வால் ஆடியது. பின்னங்கால்கள் உந்தின. முன்னங்கால்கள் இரண்டும் வளைந்து பக்கவாட்டில் சறுக்கின. மோவாய் தரையில் மோதியது. மறுபடி முயன்றது, மறுபடி மோதியது.

"தூக்கம் தெளியல," என்றார் ராஜப்பா.

சொன்னவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் முதுகு எப்போதும்போல் நேராகவே இருந்தது. அந்த முதுகைப் பார்த்துத்தான் மில் வாசலை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

முன் கதையைத் தொடர்ந்து படித்து வருபவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்; இன்று புதிதாக உட்காருபவர்களுக்காக நாலு வரி. மில் காவலுக்கென்று சீமையிலிருந்து ஒரு மாஸ்டிப் ஜாதிப் பெட்டை நாயைக் கப்பலில் வரவழைத்தார் காவலாட்களுக்குத் தலைவரான வாட்ச் துரை. அது போட்ட குட்டிகளைக் கொட்டடியில் அடைத்து வளர்த்தால் ஆள் வாடை தெரியாமல் போய்விடும் என்று, நம்பிக்கையான காவல்காரர் வீடுகளில் வளர்க்கக் கொடுத்தார். குட்டியோடு, கம்பெனிக் கணக்கில் கறியும் எலும்பும் வாங்கக் கறிக்கடைக்கு ஒரு சீட்டும் கொடுத்தார். எல்லாரும் கை நீட்டி வாங்கினார்கள். ராஜப்பா வாங்கவில்லை. "என் வூட்டுக்கு வந்த உசிருக்கு நான் சோறு போடுவேன் துரை. சீட்டு வேணாம்," என்றார். அந்தப் பேச்சு ஸ்கெலட்டன் லைன் என்ற அந்தத் தொழிலாளர் குடியிருப்பு முழுக்கப் பரவி அவருக்குப் பெருமை சேர்த்தது.

பெருமை அடுப்பில் வேகுமா? ராஜப்பாவின் ஊர் குடியாத்தம் பக்கம். அங்கே வீட்டாருக்குக் கேழ்வரகுக் களி. வெள்ளைச் சோறு என்றால் அது பண்டிகைக்கும் விருந்தாளிக்கும்தான். மேஜர் கம்பெனி அனுப்பிய விருந்தாளி. ஆகவே மேஜருக்கு வெள்ளைச் சோறு. வீட்டில் மற்ற நால்வருக்கும் களி, சில நாள் வெறும் கூழ். தாய்ப்பாலை மறந்ததிலிருந்து குட்டி தின்றதெல்லாம் குழைந்த அரிசியும், தண்ணீர் கலந்த பாலும். எலும்பு கிடையாது. கறிக்கடையின் பின்வாசலில் சட்டியோடு நிற்பவர்களை அந்த லைனில் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று ராஜப்பாவுக்குத் தெரியும். தன் வீட்டு ஆள் யாரும் அங்கே நிற்கக் கூடாது என்பது அவர் கட்டளை.

இன்று குட்டிகளைத் துரை பார்வையிடும் நாள்.

"நைனா," என்றான் தசரதன். கண்கள் தூக்கமின்றிச் சிவந்திருந்தன. "போன தபா இன்னா ஆச்சுன்னு தெரியுமில்ல?"

தெரியும். போன தடவை ஒரு குட்டிக்குக் கண் பழுதாகியிருந்தது. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்த் துரையே சுட்டார். வளர்த்தவனுக்கு வேலை போயிற்று. வேலையோடு லைன் வீடும் போயிற்று. பெண்டாட்டி பிள்ளைகளோடு பாத்திரம் பண்டங்களைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் ஸ்டேஷனுக்கு நடந்துபோனதை ராஜப்பா மில் வாசலில் நின்று பார்த்தார். அன்று அவர் மனத்தில், ஒழுங்காக வளர்க்கத் தெரியாதவன் என்றுதான் நினைத்தார்.

"பாம்பு கடிச்சிடுச்சின்னு சொல்லிடலாம்," என்றான் தசரதன். "இங்கியே பொதைச்சிட்டோம்னு சொல்லலாம். யாரு தோண்டிப் பாக்கப் போறாங்க?"

"உசுரோட கீறத பொதைச்சிட்டோம்னு சொல்லணுமா?" என்றாள் பார்வதம்மா. "அப்பால அது கொலைச்சா இன்னா பண்ணுவ?"

"அப்ப நீயே ஒரு வழி சொல்லு."

"பொய் சொல்ற வழி வேணாம்," என்றார் ராஜப்பா. "ஆனா இதுக்கு இன்னா வந்துச்சின்னு தெரியணும். வேளா வேளைக்குச் சோறு வெச்சோம். நாம தின்னாத சோறு."

வாசற்படியிலிருந்து தாயம்மா, "கண்ணு பட்டிருக்கும் அண்ணே. நாயி வெள்ளைச் சோறு தின்னா பாக்கறவங்க கண்ணு சும்மாவா இருக்கும்? என் கண்ணே பட்டிருக்கும்," என்றாள்.

அப்போது குணசுந்தரி மேஜரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவள் மாமனார் முகம் பார்த்துப் பேசியதில்லை. அது மரியாதை. சொல்ல வேண்டியது இருந்தால் மாமியாரிடம் சொல்வாள். மாமியார் இல்லாதபோது அம்மியிடம் சொல்வாள், அடுப்பிடம் சொல்வாள். மேஜர் வந்தபிறகு மேஜரிடம் சொன்னாள்.

"இன்னாடா மேஜரு," என்றாள் குட்டியின் காதைத் தடவி. "எங்க அப்பா வூட்டு ஆட்டுப் பட்டில உன்னமாதிரி எத்தினி குட்டிங்க வளர்ந்துச்சு. ஒண்ணுக்காச்சும் அரிசி வெச்சோமா? களிதான் போட்டோம். எலும்பு சாறு ஊத்தனோம். நீ விருந்தாளியாம்டா. விருந்தாளி ரெண்டு நாளு இருந்துட்டுப் போவான், வெள்ளைச் சோறு தின்னாலும் ஒண்ணும் ஆவாது. நீ வளர்ற புள்ள ஆச்சே."

ராஜப்பாவுக்குச் சுரீரென்றது. இந்தப் பேச்சு புதிதல்ல. இதே மூலையில் இதே குரல் பலநாள் கேட்டிருந்தது. மருமகள் நாயைக் கொஞ்சுகிறாள் என்று எண்ணித் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போயிருந்தார். அவள் கொஞ்சவில்லை, அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் மேஜரின் முன்னங்காலைத் தொட்டுப் பார்த்தார். மணிக்கட்டு வீங்கி உருண்டையாக இருந்தது. வயிறு பானைபோல் தொங்கியது. குட்டி அவர் விரலை நக்கியது. தூரத்தில் மில் உலக்கைகள் பாறையை இடித்துக்கொண்டிருந்தன. ராத்திரி பகலாய் ஓயாத அந்த இடிச்சத்தம் இத்தனை வருடத்தில் அவர் காதில் விழுந்ததே இல்லை. அன்று ஒவ்வொரு இடியும் விழுந்தது.

"இன்னாம்மா," என்றார், மருமகளை நேராகப் பார்த்து. "இனிமே போட்டா நிக்குமா?"

பார்வதம்மாவின் கை நின்றது. தசரதன் அப்பாவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். குணசுந்தரி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, குட்டியின் முகத்தைப் பார்த்தபடியே, "நிப்படா மேஜரு. ஆனா இன்னிக்கே நிக்க மாட்ட," என்றாள்.

ராஜப்பா தலைப்பாகையைக் கட்டிக்கொண்டார். பெல்ட்டைப் போட்டார். பித்தளை வில்லையைத் துடைத்தார். பிறகு, தசரதன் நீட்டிய கையை ஒதுக்கிவிட்டு, மேஜரைத் தானே தூக்கிக்கொண்டார்.

"நான் எடுத்துகினு வரேன் நைனா. நீங்க போயி நாயைத் தூக்கிகினு..."

"என்னை நம்பித்தான் குடுத்தாங்க."

மைசூர் மைன்ஸ் சாலையில் ஆண்கள் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். மில் வாசலில் சாவிக்கொத்தோடு மட்டும் பார்த்துப் பழகிய மனிதர், குழந்தையைப்போல் ஒரு நாயை மார்பில் அணைத்துக்கொண்டு போகிறார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். எங்கே, எதற்குக் கொண்டுபோகிறார் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

மில்லுக்கு எதிரே இருந்த திடலில் குட்டிகள் கயிறுகளில் துள்ளிக்கொண்டிருந்தன. இன்னொரு காவல்காரன் வால்டர் வளர்த்த குட்டி கன்றுக்குட்டி போல் நின்றது. ரோமம் எண்ணெய் பூசியதுபோல் மின்னியது.

"வாங்க பெரியவரே," என்றான் வால்டர். மேஜரைப் பார்த்ததும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "இன்னா போட்டீங்க இதுக்கு?"

"சோறு."

"அரிசியா? நம்ம வூட்ல கல்யாணத்துக்குத்தான் அரிசி. உங்க வூட்ல நாய்க்குத் தெனமும் கல்யாணமா?" சொல்லிவிட்டு வால்டரே தலையைக் குனிந்துகொண்டான். "கோச்சிக்காதீங்க. வாய் சும்மா இருக்காது எனக்கு."

துரை வந்தார். பின்னால் காவல் ஆபீஸ் ரைட்டர் ஜெயகரன். அவனுக்குப் பின்னால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஒரு பியூன். துப்பாக்கியைக் கண்டதும் ராஜப்பா மேஜரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மற்றக் குட்டிகளின் முறை சீக்கிரம் முடிந்தது. துரை ராஜப்பாவின் முன் வந்து நின்று, தரையில் விடு என்று விரலால் காட்டினார். ராஜப்பா குட்டியை இறக்கி விட்டார். மேஜர் எழ முயன்றது. கால்கள் விரிந்தன. மண்ணில் மூக்கு இடித்தது.

துரை குந்தி உட்கார்ந்து காலை அழுத்திப் பார்த்தார்; வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். எழுந்து ஜெயகரனிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஜெயகரன் ராஜப்பாவின் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தான்.

"பட்டினி போட்டுட்டீங்கன்னு துரை சொல்றாரு. குட்டிக்குன்னு வந்ததை வீட்டுல யாரோ தின்னுட்டாங்களாம்."

வேலை போவது ஒன்று, இது வேறு. நாயின் வாய்ச்சோற்றைப் பிடுங்கித் தின்ற வீடு என்று பெயர் வந்தால், அந்தப் பெயர் பேரன் காலத்திலும் போகாது.

"எங்க வூட்டு ஆளுங்க களி தின்னாங்க," என்றார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. "இது அரிசி தின்னுச்சு. சீட்டு நான் வாங்கவே இல்லன்னு துரைக்கே தெரியும். பட்டினி போடல. தப்பான சோறு போட்டேன்."

ஜெயகரன் சொன்னான். துரை கேட்டுக்கொண்டார். "அரிசி?" என்றார், தமிழிலேயே. பிறகு பியூன் பக்கம் கையை நீட்டினார்.

சுற்றி நின்றவர்கள் குட்டிகளை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். திடலில் துரை, ராஜப்பா, இருவருக்கும் நடுவே மேஜர். குட்டிக்கு என்ன தெரியும்? பளபளக்கும் பூட்ஸைக் கண்டு வாலை ஆட்டிற்று. மார்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு, கோணல் கால்களால் மண்ணை வாரி வாரி, துரையை நோக்கி நகர்ந்தது. துப்பாக்கி துரையின் கைக்கு வந்தது.

ராஜப்பா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நிமிர்ந்தே நின்றிருப்பார். குனிந்தார். பூட்ஸுக்கு ஒரு சாண் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டிக் குட்டியை வாரி எடுத்தார்.

"துரை. தப்பு என்னுது, குட்டிமேல ஒண்ணும் இல்ல. அன்னிக்கு வேணாம்னு சொன்ன சீட்டை இன்னிக்குக் கேக்கறேன். டைம் குடுங்க. நான் நிக்க வெக்கறேன்."

ஜெயகரன் மொழிபெயர்த்தபோது துரை குட்டியைப் பார்க்கவில்லை. ராஜப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் துப்பாக்கியைப் பியூனிடம் திருப்பிக் கொடுத்தார். இரண்டு வாக்கியம் சொன்னார். நடந்து போய்விட்டார்.

"சீட்டு கிடையாது," என்றான் ஜெயகரன். "அது குடுத்த அன்னிக்கோட போச்சாம். அடுத்த மாசப் பார்வைக்கு இது கயித்துல, தன் கால்ல நடந்து வரணும். இல்லன்னா இதுவும் வேணாம், நீங்களும் வேணாம்னாரு." குரலைத் தாழ்த்தினான். "பெரியவரே, கோணின கால் ஒரு மாசத்துல சரியாவுமா?"

ராஜப்பாவுக்குத் தெரிந்தால்தானே சொல்வார்.

வீட்டுக்கு வந்து மேஜரைச் சாக்கில் விட்டார். தண்ணீர் குடித்தார். பிறகு குணசுந்தரி இருந்த பக்கம் பார்த்து, "இன்னா இன்னா வேணும் சொல்லும்மா," என்றார்.

குணசுந்தரி மேஜரிடம் சொன்னாள். "மூட்டு எலும்பு வேணும்டா, நல்லா வேகவெச்சுச் சாறு எடுக்க. ஈரல் துண்டு கெடச்சா நல்லது. குடலு இருந்தா கழுவித் தருவேன். கருவாட்டுத் தலைய வறுத்து இடிச்சுக் களியில போடுவேன். கோழி எலும்பு மட்டும் வேணாம், தொண்டையில குத்தும். அப்பறம் இந்த இருட்டு மூலை வேணாம். காலைல வெயில்ல கெடக்கணும் நீ."

"காசு?" என்றான் தசரதன்.

"இதுல எதையும் காசு குடுத்து வாங்கறவங்க இல்லடா மேஜரு. தூக்கிப் போடறதுதான். போயி நின்னு கேக்கணும்."

போய் நிற்க வேண்டும். தசரதன் சட்டியை எடுத்தான். ராஜப்பா அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீங்களா? மில் வாசல்காரர் போயி அங்க..." பார்வதம்மா முடிக்கவில்லை.

"புள்ளைய அனுப்பிட்டு நான் வூட்ல உக்காந்தா அது இன்னா மானம்?"

ஆண்டர்சன்பேட்டைக் கறிக்கடையின் முன்பக்கம் அவருக்குப் பழக்கம். பண்டிகைக்குப் பண்டிகை வந்து, நல்ல துண்டாகப் பார்த்து வாங்கிப் போவார். பின்பக்கம் அன்றுதான் முதல் தடவை. சாக்கடை ஓரம் ஐந்தாறு பேர் சட்டிகளோடு நின்றார்கள். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பெல்ட்டும் வில்லையும் இருந்தன. கழற்றவில்லை. நிற்பது ராஜப்பா என்று தெரிந்தால் தெரியட்டும். ஆனாலும் கால்கள் பின்வாங்கத் துடித்தன. திடலில் துப்பாக்கிக்கு முன்னால் இப்படித் துடிக்கவில்லை.

கதவு திறந்தது. கடைக்காரர் அவரைப் பார்த்து விழித்தார்.

"பெரியவரே, இன்னா இங்க? முன்னாடி வாங்க."

"முன்னாடி காசு குடுக்கறவங்க நிக்கற எடம் பாய்," என்றார் ராஜப்பா. "இதுக்கு இங்கதான் நிக்கணும். நாய்க்கு எலும்பு."

வரிசையில் நின்ற கிழவி ஒருத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தலப்பா கட்டிகினு வந்தா முதல்ல தருவாங்கன்னு நெனப்பா? கடைசியில நில்லு," என்றாள்.

ராஜப்பா கடைசியில் நின்றார். மூட்டு எலும்புகளும், வெட்டி எறிந்த ஈரல் ஓரங்களும் கிடைத்தன.

வெயில் சாய்வதற்குள் குணசுந்தரி சாறு இறக்கினாள். களியைச் சாற்றில் கரைத்து, ஈரலை மசித்து, வட்டிலில் ஊற்றி வைத்தாள். கருவாட்டுத் தலைக்காகத் தசரதன் கடைவீதிக்குப் போயிருந்தான்.

மேஜர் மோந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வெள்ளைச் சோற்றுக்குப் பழகிய மூக்கு. நிற்க முடியாத குட்டி, தின்னவும் மறுத்தால்? மாதம் எங்கே, இந்த வாரம் தாண்டுமா? அவர் தலைப்பாகையோடு தரையில் உட்கார்ந்தார். விரலைச் சாற்றில் தோய்த்துக் குட்டியின் உதட்டில் தடவினார். நக்கியது. மறுபடி தோய்த்தார். மறுபடி நக்கியது. விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டிலுக்கு இறக்கினார். குட்டியின் நாக்கும் பின்னாலேயே இறங்கியது. பாதி வட்டில் காலியானதும் களைத்துப்போய்ப் படுத்துக்கொண்டது. தூக்கத்தில் அதன் முன்னங்கால் வெட்டி வெட்டி இழுத்தது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று கேட்பதுபோல் ராஜப்பா மருமகளைப் பார்த்தார். இந்தத் தடவை குணசுந்தரி குட்டியிடம்கூட எதுவும் சொல்லவில்லை.

தசரதன் கருவாட்டோடு வந்தான். முகம் கறுத்திருந்தது.

"கடைவீதி பூரா பேசறாங்க நைனா. ராஜப்பா திடல்ல துரை கால்ல உழுந்தாரு, பூட்ஸைப் புடிச்சிகினு அழுதாரு, அதனாலதான் வேலை தப்பிச்சுதுன்னு. ஷிப்ட் போறவங்க கேஜ் பொட்டியில சுரங்கத்துக்கு இறங்கும்போதே இதைச் சொல்லிச் சிரிக்கறாங்களாம்."

ராஜப்பா வாய் திறக்கவில்லை. வட்டிலில் மீந்த சாற்றை மூடி வைத்தார்.

அவர் சொல்லாததால் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. ராஜப்பா துரையின் காலில் விழவில்லை. அழவும் இல்லை. நாய்க்குட்டியை எடுக்கக் குனிந்தார், எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.